வெண்ணெய் என்று எழுதினால் வெண்ணெய் இருக்கட்டும்

(நம் குடியிருப்போர் நலச்சங்கத்தின் மாலைக் கூட்டத்தில் கிளப் ஹவுஸில் பேசியதன் எழுத்து வடிவம். கேட்க வர முடியாதவர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



ஓய்வு பெற்ற வங்கிக் கிளார்க் கையில் மைக்கைக் கொடுத்தால் ஃபிக்ஸட் டெபாசிட் வட்டி, நாமினி, லைஃப் சர்ட்டிபிகேட் என்று ஆரம்பித்துவிடுவார் என்று சிலர் பயந்திருப்பீர்கள். கவலைப்பட வேண்டாம். இன்று பேசப்போவது வெண்ணெயைப் பற்றி. ஆனால் பி.காம். படித்தவன் பேச்சில் கணக்கு இல்லாமல் போகாது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எதற்காக இந்தப் பேச்சு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை நம் வளாகத்தில் கேக் விற்பனை நடக்கப்போகிறது. 100 கேக் செய்வதாகத் திட்டம். நம் வீடுகளில் ஓ.டி.ஜி. வைத்திருக்கிற பத்துப் பேர் ஆளுக்குப் பத்தாகப் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறோம். வருகிற லாபம் முழுவதும் நம் செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் பணியாளர்களுடைய பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு. இதில் யாருக்கும் இரண்டாவது கருத்து இல்லை. கருத்து வேறுபாடு வந்தது ஒரே இடத்தில்தான். "பட்டர் விலை எங்கேயோ இருக்கிறது, மார்ஜரின் போட்டால் லாபம் கூடும், பட்டர் எசென்ஸ் இரண்டு சொட்டு விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?" என்று ஒரு யோசனை வந்தது. நல்ல மனதோடு சொன்ன யோசனைதான். நாலு காசு கூட வந்தால் அந்தப் பிள்ளைகளுக்குத்தானே போகிறது? அதனால் சும்மா வேண்டாம் என்று சொல்லாமல், வெண்ணெய் உண்மையில் கேக்கில் என்ன வேலை செய்கிறது, எங்கே அது அவசியம், எங்கே அவசியமில்லை, செலவு எவ்வளவு என்று வரிசையாகப் பார்த்துவிட்டு முடிவெடுப்போம் என்கிறேன்.

பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது?

கடையில் டேபிள் பட்டர் என்று விற்பதற்கு நம் நாட்டில் ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். பால் கொழுப்பு 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. தண்ணீர் 16 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. மீதி, பாலின் திடப்பொருள்களும் உப்பும். ஆக, 100 கிராம் பட்டர் வாங்கினால் 80 கிராம்தான் கொழுப்பு. இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

எப்படி என்கிறீர்களா? ஒரு செய்முறையில் 100 கிராம் பட்டர் என்று போட்டிருக்கிறது, வீட்டில் நெய்தான் இருக்கிறது என்று வையுங்கள். 100 கிராம் நெய்யை ஊற்றினால் எண்ணெய் வழியும். 80 கிராம் நெய்யும், விட்டுப்போன தண்ணீருக்கு ஈடாக ஒரு மேஜைக் கரண்டி பாலும் சேர்த்தால் கணக்குச் சரியாகும். எண்ணெய்க்கும் இதே கணக்குதான்.

பட்டரின் மணம் எங்கிருந்து வருகிறது? கொழுப்பிலிருந்து ஒரு பங்கு. பாலின் புரதமும் பால் சர்க்கரையும் அடுப்புச் சூட்டில் சிவந்து தருவது இன்னொரு பங்கு. மூன்றாவது, புளிப்பிலிருந்து வருவது. இந்த மூன்றாவதில் நாம் பெருமைப்பட்டுக்கொள்ள ஒரு விஷயம் உண்டு. ஐரோப்பாவில் பாலாடையை நுண்ணுயிரால் லேசாகப் புளிக்கவைத்து எடுக்கிற பட்டரை கல்ச்சர்ட் பட்டர் என்று தனி விலை வைத்து விற்கிறார்கள். புளிக்கும்போது டைஅசிட்டைல் என்ற பொருள் உண்டாகிறது. 'பட்டர் வாசனை' என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு அதற்குத்தான். நம் பாட்டிமார்கள் ஏட்டைச் சேர்த்து, உறை ஊற்றி, தயிராக்கி, மத்தால் கடைந்து எடுத்தார்களே, அதுவும் இதே வகைதான். நாம் அதைத் தோசைக்கல்லுக்கும் அடைக்கும் வைத்துக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான்.

எருமை வெண்ணெய் வெள்ளையாக இருக்கும், ஊத்துக்குளி வெண்ணெய் மாதிரி. பசு வெண்ணெயில் கரோட்டின் இருப்பதால் இளமஞ்சள். கடைப் பொட்டலங்களில் மஞ்சள் நிறத்துக்காக அன்னாட்டோ என்ற விதைச் சாயம் சேர்ப்பதும் உண்டு, லேபிளில் எழுதியிருப்பார்கள். ஆகவே மஞ்சளாக இருந்தால்தான் நல்ல பட்டர் என்பது இல்லை. வெள்ளை வெண்ணெயிலும் அருமையான கேக் வரும்.

வீட்டு வெண்ணெயில் பேக் செய்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அதில் மோர் தங்கியிருக்கும். ஐஸ் தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, கையால் அழுத்திப் பிழிந்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை எடுக்க வேண்டும். நாள்பட்டு வாடை வந்த வெண்ணெய் என்றால் நெய்யாகக் காய்ச்சிவிடுங்கள். கேக்கில் அந்த வாடை மறையாது.

வாயில் கரைவது என்றால் என்ன?

எசென்ஸ் விட்டால் போதாதா என்ற கேள்விக்கு வருகிறேன். பட்டர் எசென்ஸ் தருவது ஒரு மணத்தை. வெண்ணெய் மணம் என்பதோ பல மணங்கள் சேர்ந்த கூட்டு. ஒற்றை நாதஸ்வரத்துக்கும் முழுக் கச்சேரிக்கும் உள்ள வித்தியாசம். அதைவிடப் பெரிய வித்தியாசம் நாக்கில் இருக்கிறது. வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகும். நம் உடம்புச் சூடு 37. ஆகவே வாயில் வைத்ததும் கரைந்து, தன்னுள் இருக்கிற மணத்தையெல்லாம் ஒருசேர விட்டுவிடுகிறது. வனஸ்பதியும் பேக்கரிக்கென்று செய்கிற கெட்டிக் கொழுப்புகளும் பலவேளை இன்னும் அதிகச் சூட்டில்தான் உருகும். சில பிஸ்கட் சாப்பிட்ட பிறகு மேலண்ணத்தில் மெழுகு பூசினாற்போல ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அது இதனால்தான். எசென்ஸ் மூக்கை ஏமாற்றும், நாக்கை ஏமாற்ற முடியாது.

மார்ஜரினைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அது பிறந்ததே ஏழைகளுக்காக. 1869-இல் பிரான்ஸில் மூன்றாம் நெப்போலியன் மன்னர், கடற்படைக்கும் ஏழை எளியவர்களுக்கும் வெண்ணெய்க்குப் பதிலாக மலிவான ஒன்று வேண்டும் என்று பரிசு அறிவித்தார். இப்போலித் மெஜ் மூரியே என்ற வேதியியலாளர் மாட்டுக் கொழுப்பிலிருந்து அதைச் செய்து கொடுத்தார். நம் ஊரில் 1937-இல் டால்டா வந்தது. கொஞ்ச நாளில் எல்லா வனஸ்பதிக்கும் அதுவே பெயராகிவிட்டது. என் வயதுக்காரர்கள் வீட்டில் அந்த மஞ்சள் டப்பாவில் துளசிச் செடி வைத்திருப்போம்.

டிரான்ஸ் கொழுப்பு பற்றியும் கேட்பீர்கள். பழைய வனஸ்பதியில் அது நிறைய இருந்தது உண்மை. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் எண்ணெய், கொழுப்புகளில் அதன் வரம்பை 2021-இல் 3 சதவீதமாகவும், 2022 ஜனவரியிலிருந்து 2 சதவீதமாகவும் குறைத்தது. ஆகவே இன்று மார்ஜரின் போட்டால் விஷம் என்று நான் பயமுறுத்தமாட்டேன். என் வழக்கு சுவையைப் பற்றியது, பெயரைப் பற்றியது.

நம் சமையலறைக்கு ஏற்ற பக்குவம்

வெளிநாட்டுப் புத்தகத்தில் "அறை வெப்பநிலையில் உள்ள பட்டர்" என்று போட்டிருப்பார்கள். அவர்களுடைய அறை 20 டிகிரி. சென்னைச் சமையலறை மே மாதத்தில் 33, 34. இங்கே பட்டரை ஒரு மணி நேரம் வெளியே வைத்தால் அது குழம்பாகிவிடும். அதனால் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கி 10, 15 நிமிடம் வைத்தால் போதும். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், ஆனால் மேலே எண்ணெய்ப் பளபளப்பு தெரியக் கூடாது. இதுதான் பதம். டிசம்பரில் இன்னும் ஒரு பத்து நிமிடம் கூட்டிக்கொள்ளலாம்.

இந்தப் பதம் ஏன் முக்கியம்? பட்டரையும் சர்க்கரையையும் சேர்த்து அடிக்கும்போது, சர்க்கரையின் கூர்முனைகள் பட்டரைக் கீறிக்கொண்டு போகின்றன. ஒவ்வொரு கீறலிலும் துளித்துளியாகக் காற்று அகப்படுகிறது. பேக்கிங் பவுடர் புதிதாகக் குமிழ்களை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே இருக்கிற குமிழ்களைப் பெரிதாக்குகிறது. பட்டர் உருகிவிட்டால் காற்று நிற்க இடமில்லை. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கட்டியாக இருந்தால் காற்று நுழைய வழியில்லை. முதல் போடாமல் வட்டி வராது, இல்லையா? அடிக்கும்போது சேர்கிற காற்றுதான் முதல், பேக்கிங் பவுடர் தருவது வட்டி.

நம் ஊர்ச் சர்க்கரை பெரிய பெரிய கற்கண்டு மாதிரி இருக்கும். மிக்ஸியில் இரண்டு சுற்று விட்டு, ரவையைவிட நைசாக, ஆனால் மாவாகாமல் எடுத்துக்கொள்ளுங்கள். முழுக்கப் பொடித்துவிட்டால் கீறுவதற்கு முனை இருக்காது. ஹேண்ட் மிக்ஸரில் 5, 6 நிமிடம் அடித்தால் மஞ்சள் வெளுத்து, பஞ்சு மாதிரி உப்பி வரும். அங்கே அவசரப்படாதீர்கள். முட்டையை முன்கூட்டியே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வைத்து, ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். சில்லென்ற முட்டையை மொத்தமாக ஊற்றினால் கலவை திரிந்துபோகும். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

வெனிலாவோ ஏலக்காயோ, எதுவானாலும் பட்டர் அடிக்கும்போதே சேர்த்துவிடுங்கள். அவற்றின் மணம் கொழுப்பில்தான் நன்றாகக் கரையும். கடைசியில் மாவோடு சேர்த்தால் பாதி வீணாகும்.

உப்பு விஷயம். சாதாரணப் பட்டரில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 2 கிராம் உப்பு இருக்கும். 200 கிராம் பட்டர் போடுகிற கேக்கில் 4 கிராம், அதாவது முக்கால் தேக்கரண்டி, ஏற்கெனவே விழுந்துவிட்டது. மேலே உப்புப் போட வேண்டாம். உப்பில்லாத பட்டர் என்றால் இரண்டு சிட்டிகை சேருங்கள். உப்பு இல்லாவிட்டால் இனிப்பு எடுபடாது. வாங்கும்போது லேபிளைப் பாருங்கள். ஸ்பிரெட் என்றோ லைட் என்றோ போட்டிருந்தால் அதில் தண்ணீர் கூடுதல், பேக்கிங்குக்கு ஆகாது. அரைக் கிலோ வாங்கினால் 100, 100 கிராமாக வெட்டி, நன்றாகச் சுற்றி ஃப்ரீஸரில் வையுங்கள். திறந்த பட்டர் ஃப்ரிட்ஜில் உள்ள பூண்டு, வெங்காயம், பலாப்பழம் என்று எல்லா வாசனையையும் இழுத்துக்கொள்ளும்.

மூன்று செய்முறை

முதலாவது, முழு வெண்ணெய் கேக். பட்டர் 200 கிராம், சர்க்கரை 180, முட்டை 4, மைதா 200, பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டி, பால் 2 மேஜைக் கரண்டி, வெனிலா. முன்பு சொன்ன முறையில் அடித்து, மாவைக் கடைசியில் மெதுவாக மடித்துச் சேர்த்து, 7 அங்குலத் தட்டில் ஊற்றி, முன்கூட்டியே சூடேற்றிய ஓ.டி.ஜி.யில் 165 டிகிரியில் 45 முதல் 50 நிமிடம். குச்சியால் குத்திப் பார்த்தால் ஒட்டாமல் வர வேண்டும். இலங்கைத் தமிழர் வீடுகளில் பட்டர் கேக் என்று கொண்டாடுவது ஏறக்குறைய இதைத்தான். ஐசிங் வேண்டாம், செர்ரி வேண்டாம். வெண்ணெய் மணமே அலங்காரம். அன்று சாப்பிடுவதைவிட மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும்.

இரண்டாவது, சிவந்த வெண்ணெய் கேக். இதுதான் சிக்கனத்துக்கு வழி. நெய் காய்ச்சத் தெரிந்த எல்லோருக்கும் இது பாதி தெரிந்ததுதான். 100 கிராம் பட்டரை அடிகனமான பாத்திரத்தில் சிறு தீயில் உருக்குங்கள். முதலில் தண்ணீர் போகிற சடசடப்புக் கேட்கும். அது அடங்கி நுரை கட்டும்போது அடியில் கசடு பொன்னிறத்திலிருந்து செம்பு நிறத்துக்கு மாறும். உடனே இறக்கி வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். அரை நிமிடம் தாமதித்தால் கருகிவிடும். நெய்க்கு வடிகட்டுவோம், இதற்கு வடிகட்டக் கூடாது. அந்தக் கசடில்தான் மணம் இருக்கிறது. நெய் காய்ச்சிய சட்டியில் சோறு போட்டுப் பிரட்டி, பிள்ளைகளுக்கு உருட்டிக் கொடுப்பார்களே, அந்த மணம். பிரெஞ்சுக்காரர்கள் இதையே ஹேசல்நட் வெண்ணெய் என்று பெயரிட்டு வைத்திருக்கிறார்கள்.

100 கிராமில் தண்ணீர் போய் 80 கிராமுக்குச் சற்றுக் கூடுதலாக மிஞ்சும். அதோடு 80 கிராம் சூரியகாந்தி எண்ணெய் சேர்த்தால் 160 கிராம் கொழுப்பு ஆயிற்று. 200 கிராம் பட்டரிலும் இதே 160 கிராம்தான். போன தண்ணீருக்கு ஈடாகப் பாலை இரண்டு மேஜைக் கரண்டி கூட்டுங்கள். மற்ற அளவெல்லாம் முன்பு போலவே. முறை மட்டும் மாறும். உருகிய கொழுப்பில் காற்றைப் பிடிக்க முடியாது. அதனால் முட்டையையும் சர்க்கரையையும் 6, 7 நிமிடம் கெட்டியாக நுரைக்கும்வரை அடித்து, ஆறிய வெண்ணெய் எண்ணெயை மெல்லிய தாரையாக ஊற்ற வேண்டும். பாதி வெண்ணெய்தான், ஆனால் சிவக்கவைத்ததால் மணம் பாதியாகக் குறையாது.

மூன்றாவது, வெண்ணெய் பிஸ்கட். முட்டை இல்லை. நம் வளாகத்தில் முட்டை சேர்க்காத வீடுகள் நிறைய இருப்பதால் இது அவசியம். கணக்கு 1, 2, 3. சர்க்கரை 50 கிராம், பட்டர் 100 கிராம், மைதா 150 கிராம். வேண்டுமானால் ஏலக்காய். பட்டரும் பொடித்த சர்க்கரையும் குழைத்து, மாவைச் சேர்த்து, அழுத்திப் பிசையாமல் ஒன்றுகூட்டி, உருளையாக உருட்டி அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். இதைத் தவிர்த்தால் நம் ஊர் வெப்பத்தில் பிஸ்கட் எல்லாம் ஒன்றோடொன்று பரவி ஒட்டிக்கொள்ளும். 20 வில்லைகளாக நறுக்கி 160 டிகிரியில் 18 முதல் 20 நிமிடம். ஓரம் மட்டும் சிவந்தால் போதும்.

எங்கே பட்டர் வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாக்லேட் கேக், கேரட் கேக், வாழைப்பழக் கேக் இவற்றில் கோகோவும் பழமும் பட்டை வாசனையும் முன்னே நிற்கும். அங்கே பட்டர் போட்டாலும் அதன் குரல் கேட்காது. எண்ணெயே நல்லது. ஃப்ரிட்ஜில் வைத்தாலும் கேக் இறுகாமல் மிருதுவாக இருக்கும். பொருளாதாரப் பாடத்தில் இறுதிநிலைப் பயன்பாடு என்று படித்தோமே, கூடுதலாகப் போடுகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் எவ்வளவு பலன் என்று பார்க்கச் சொல்லும் பாடம், அது இங்கேதான் உதவுகிறது.

இனி கணக்கு

2025 செப்டம்பர் 22 முதல் பட்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. 100 கிராம் 60 ரூபாய் என்று முழுதாக வைத்துக்கொள்கிறேன். முட்டை, மைதா, சர்க்கரை, பால், கரண்ட், அட்டைப் பெட்டி எல்லாம் சேர்த்து ஒரு கேக்குக்கு 88 ரூபாய். இதில் மாற்றமில்லை. கொழுப்பு மட்டும்தான் மாறும்.

முழு வெண்ணெய் என்றால் 120 ரூபாய், அடக்கம் 208. மார்ஜரின் என்றால் 40 ரூபாய், அடக்கம் 128. பாதி சிவந்த வெண்ணெய், பாதி எண்ணெய் என்றால் 60-உம் 13-உம் 73 ரூபாய், அடக்கம் 161.

எல்லாவற்றையும் மார்ஜரினில் செய்து 400 ரூபாய்க்கு விற்றால் 100 கேக்கில் 27,200 ரூபாய் மிஞ்சும். எல்லாவற்றையும் முழு வெண்ணெயில் செய்து அதே 400-க்கு விற்றால் 19,200. வித்தியாசம் 8,000 ரூபாய். சிறிய தொகை இல்லை. ஒரு பிள்ளைக்கு நோட்டு, புத்தகப் பை, ஷூ, சீருடைத் தையல் கூலி என்று எத்தனையோ ஆகும். அதனால்தான் யோசனை சொன்னவரை நான் குறை சொல்லவில்லை.

என் யோசனை இது. 50 கேக் சிவந்த வெண்ணெய் முறையில் செய்து 400 ரூபாய்க்கு விற்போம், மிச்சம் 11,950. இன்னொரு 50 முழு வெண்ணெய் கேக், விலை 480, மிச்சம் 13,600. கூட்டினால் 25,550. மார்ஜரின் வழியைவிடக் குறைவது 1,650 ரூபாய். 100 கேக்குக்குப் பங்கிட்டால் கேக் ஒன்றுக்கு 16 ரூபாய் 50 காசு. இதோடு 20 பிஸ்கட் அடங்கிய பெட்டிகள் 40 செய்வோம். அடக்கம் பெட்டியோடு 93 ரூபாய், விலை 150, மிச்சம் 2,280. குறைந்ததும் ஈடாகி, மேலே கொஞ்சம் நிற்கிறது.

"மார்ஜரினில் செய்துவிட்டு பிஸ்கட்டும் சேர்த்தால் இன்னும் கூடுமே?" என்று நம் பொருளாளர் சிரிப்பது தெரிகிறது. கூடும் சார். அந்த 1,650 ரூபாயை நாம் எதற்காக விட்டுக்கொடுக்கிறோம் என்று கேட்டால், பெட்டியின் மேல் 'வெண்ணெய் கேக்' என்று எழுதுகிற உரிமைக்காக.

வங்கியில் 30 வருடத்துக்கு மேல் மாலைதோறும் பார்த்தது ஒன்றே ஒன்றுதான். வவுச்சரில் எழுதியிருப்பதும் பெட்டியில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். பத்து ரூபாய் குறைந்தாலும் வீட்டுக்குப் போக முடியாது. பத்து ரூபாய் கூடினாலும் போக முடியாது. லேபிளும் ஒரு வவுச்சர்தான். இந்தக் கேக்கை வாங்கப்போவது ஊர் பெயர் தெரியாதவர்கள் இல்லை. எதிர்வீட்டு மாமி, லிஃப்ட்டில் தினமும் வணக்கம் சொல்கிற தாத்தா, நம் பேரப்பிள்ளைகளோடு விளையாடுகிற குழந்தைகள். நல்ல காரியத்துக்குத்தானே என்று பெயரை மாற்றி விற்றால், அந்தப் பணம் போய்ச் சேருகிற பிள்ளைகளுக்கும் அது மரியாதை இல்லை. அவர்களுடைய அம்மாக்கள் இந்தச் சமையலறைகளிலேயே வேலை செய்கிறார்கள். எந்த டப்பாவிலிருந்து எதை எடுத்துப் போட்டோம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஆகவே ஒவ்வொரு பெட்டியிலும் தமிழில் நான்கு வரி எழுதுவோம். என்னென்ன பொருள், எடை அதிகமானது முதலில். முட்டை உண்டா இல்லையா. வெண்ணெய் எவ்வளவு, எண்ணெய் சேர்ந்ததா. செய்த தேதி. சிவந்த வெண்ணெய் கேக்கில் 'வெண்ணெயும் எண்ணெயும் சேர்ந்தது' என்று தெளிவாகவே போடுவோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வருடம் முழுவதும் வீட்டிலிருந்து விற்கிற சகோதரிகளுக்கும் இது பொருந்தும். உணவுப் பாதுகாப்புப் பதிவும் செய்துகொள்ளுங்கள். விண்ணப்பத்துக்கு உதவி வேண்டுமானால் எந்த மாலையும் என் வீட்டுக் கதவைத் தட்டலாம்.

கடைசியாக, நம் வயதுக்காரர்களுக்கு

வெண்ணெய் உடம்புக்கு மருந்து என்று நான் சொல்லவரவில்லை. நானும் கொலஸ்ட்ரால் மாத்திரை போடுகிற ஆள்தான். வெண்ணெயின் எடையில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு. நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்கிற வரம்புப்படி அது 22 கிராமுக்குள் இருக்க வேண்டும். நாம் செய்யும் முழு வெண்ணெய் கேக்கை 16 துண்டாக வெட்டினால் ஒரு துண்டில் பன்னிரண்டரை கிராம் வெண்ணெய், அதாவது 6 கிராமுக்குச் சற்றுக் கூடுதலான நிறைவுற்ற கொழுப்பு. ஒரு பிஸ்கட்டில் இரண்டரை கிராம். மதியம் நெய்யும் காலையில் பட்டர் டோஸ்டும் சாப்பிட்ட நாளில் கேக்கும் வேண்டுமா என்பதை அவரவர் பாஸ்புக்கைப் பார்த்து முடிவு செய்துகொள்ளுங்கள். மருத்துவர் கட்டுப்பாடு சொல்லியிருந்தால் அவர் சொல்தான் கடைசிச் சொல். நல்ல வெண்ணெய் கேக்கில் ஒரு வசதி, ஒரு துண்டிலேயே மனம் நிறைந்துவிடும். மணமில்லாத கேக்கில்தான் கை மறுபடி மறுபடி போகிறது.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைய வேண்டாம் என்பார்கள். வெண்ணெயை வைத்துக்கொண்டு எசென்ஸுக்கும் அலைய வேண்டாம். அடுத்த பொதுக்குழுவில் இந்தக் கணக்கை நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறேன். எங்கேயாவது கூட்டல் தவறென்று தோன்றினால் கட்டாயம் சொல்லுங்கள். சரியென்று பட்டால் கை தூக்குங்கள். டிசம்பர் முதல் ஞாயிறு மாலை 4 மணிக்கு இங்கேயே ஒத்திகை. ஹேண்ட் மிக்ஸர் இருப்பவர்கள் எடுத்து வாருங்கள். பட்டர் நறுக்க எனக்குத் தெரியும், மற்றதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.